பெருக்கினால் ஒன்று, பிரித்தால் வேறு: பிசா 2000 தரவில் ஒரு பலமட்ட மாடல்

அப்பா அம்மாவில் ஒருவராவது கல்லூரிப் படிப்பு படித்திருந்தால் பிள்ளை நன்றாக வாசிக்குமா? 2000ஆம் ஆண்டு பிசா என்ற சர்வதேசத் தேர்வில் அமெரிக்காவிலிருந்து கலந்துகொண்ட பிள்ளைகளின் தரவிடம் இதைக் கேட்டால், ஒரு முறை “ஆமாம்” என்று அழுத்தமாகப் பதில் வருகிறது. கூறெடுப்பு எடைகளை (ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்ற எண்களை) சேர்த்துக்கொண்டு மறுபடி கேட்டால், “அப்படி உறுதியாகச் சொல்வதற்கில்லை” என்கிறது. இரண்டு முறையும் அதே 2,069 பிள்ளைகள், அதே 148 பள்ளிகள், அதே மாறிகள், அதே வகை மாடல்.

ஸோஃபியா ராபே-ஹெஸ்கத், ஆண்டர்ஸ் ஸ்க்ரொண்டால் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 2006இல் இந்தத் தரவை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பிள்ளை, பள்ளி என்று அடுக்கடுக்காகப் பார்க்கும் பலமட்ட மாடலில் எடைகளை எப்படிச் சேர்ப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. ஸ்டேட்டா மென்பொருளின் கையேட்டிலும் இதே தரவுதான் எடுத்துக்காட்டாக வருகிறது. அதனால் இதைப் படிப்பவர்கள் தங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்த்து எண்களைச் சரிபார்க்கலாம்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘மாதிரி’ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளிலும் எழுதுகிறோம். இங்கே குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, மக்களிலிருந்து தேர்ந்தெடுத்த சிறு தொகுதியைப் பாடநூல் வழக்கப்படி ‘கூறு’ என்றும், கணக்கில் பொருத்திப் பார்க்கும் சமன்பாட்டை ‘மாடல்’ என்றும் எழுதுகிறேன்.

தரவு வந்த வழி

பிசா என்பது பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு (ஓஇசிடி) நடத்தும் தேர்வு. பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்களைச் சோதிக்கிறது. 2000இல் நடந்த முதல் சுற்றில் 32 நாடுகள் பங்கேற்றன. நமக்கும் இது புதிய பெயர் இல்லை. 2009 சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. அதில் தமிழ்நாட்டின் வாசிப்புச் சராசரி 337 என்று வந்ததும், அதையொட்டி நடந்த விவாதமும் பலருக்கு நினைவிருக்கும்.

அமெரிக்காவில் கூறெடுப்பு மூன்று கட்டமாக நடந்தது. முதலில் நிலப்பகுதிகள், அவற்றுக்குள் பள்ளிகள், பள்ளிகளுக்குள் பிள்ளைகள். பள்ளிகளை எடுக்கும்போது, பதினைந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதன் விகிதத்தில் வாய்ப்பு தரப்பட்டது. பெரிய பள்ளிக்குப் பெரிய வாய்ப்பு. சிறுபான்மை இனப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு கிடைத்தது, அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேசப் போதுமான எண்ணிக்கை வேண்டும் என்பதற்காக. தேர்வான பள்ளியில் 35 பிள்ளைகள் வரை எடுக்கப்பட்டார்கள்.

மொத்தம் 3,800க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் முழு விவரம் உள்ளவர்கள் மட்டும் ஆய்வுக்கு எடுக்கப்பட்டதால் அது 2,069 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் இழப்பு! எடைகள் எதைச் சரிசெய்தாலும் இந்த இழப்பைச் சரிசெய்யாது. விவரம் விடுபட்ட பிள்ளைகள் மற்றவர்களைப் போன்றவர்கள்தானா என்பது தனிக் கேள்வி. இந்த நிகழ்வில் அது கேட்கப்படவில்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

விளைவு மாறி எளிமையானது: பிள்ளையின் வாசிப்பு மதிப்பெண் 552.89ஐத் தாண்டியதா, இல்லையா. அது பிசா அளவுகோலில் நான்காம் நிலை தொடங்கும் இடம். விளக்கும் மாறிகள்: பெண் பிள்ளையா, பெற்றோரின் தொழில்நிலைக் குறியீடு (16 முதல் 90 வரை ஓடுவது), அந்தக் குறியீட்டின் பள்ளிச் சராசரி, பெற்றோரின் உச்சக் கல்வி உயர்நிலைப் பள்ளியா கல்லூரியா, வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்களா, பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவரா, இருவருமே அப்படியா. மாடல், ஆம்-இல்லை என்ற விளைவுக்குப் பொருத்தும் இருமட்ட லாஜிஸ்டிக் மாடல். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தற்செயல் வெட்டு உண்டு. அதாவது, மாறிகளால் விளக்க முடியாத ஏதோ ஒன்று ஒரு பள்ளியின் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து மேலேயோ கீழேயோ தள்ளுகிறது என்று எடுத்துக்கொண்டு, பள்ளிக்குப் பள்ளி அந்தத் தள்ளல் எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடுகிறோம்.

எடை ஒன்றா, இரண்டா

இந்த நிகழ்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு பிள்ளையின் எடை என்பது, அந்தப் பிள்ளை கூறில் வர இருந்த நிகழ்தகவின் தலைகீழ். நூறில் ஒரு வாய்ப்பு இருந்தால் எடை 100. தன்னைப் போன்ற நூறு பேருக்காக அந்தப் பிள்ளை பேசுகிறது. பள்ளி வழியாகப் பிள்ளையை எடுக்கும்போது இந்த நிகழ்தகவு இரண்டு காரணிகளின் பெருக்கம்: பள்ளி தேர்வாகும் வாய்ப்பு ஒன்று, தேர்வான பள்ளிக்குள் இந்தப் பிள்ளை தேர்வாகும் வாய்ப்பு இன்னொன்று. அதனால் எடையும் பள்ளி எடை பெருக்கல் பிள்ளை எடை.

இரண்டு பள்ளிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெரிய பள்ளியில் பதினைந்து வயதினர் 700 பேர், சின்னப் பள்ளியில் 70 பேர். அளவின் விகிதத்தில் வாய்ப்பு என்பதால் பெரிய பள்ளிக்குப் பத்து மடங்கு வாய்ப்பு. பெரிய பள்ளியின் எடை 10 என்றால் சின்னதன் எடை 100. உள்ளே போனால் இரண்டிலும் 35 பேரைத்தான் எடுக்கிறோம். பெரிய பள்ளியில் பிள்ளையின் எடை 700ஐ 35ஆல் வகுக்க 20. சின்னப் பள்ளியில் 70ஐ 35ஆல் வகுக்க 2. சரி, இப்போது பெருக்குங்கள். 10 பெருக்கல் 20, விடை 200. 100 பெருக்கல் 2, விடை அதே 200.

மொத்த எடையை மட்டும் பார்ப்பவருக்கு எல்லோரும் 200தான். “எடை எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கிறது, எதற்கு அதைப் போட்டுக்கொண்டு” என்று விட்டுவிடுவார். ஒருமட்ட மாடலில், அதாவது பிள்ளைகளை மட்டும் அலகாக எடுத்துச் செய்யும் சாதாரணத் தொடர்புப்போக்கில் (ரிக்ரஷன்), அது சரியான முடிவும்கூட. பலமட்ட மாடல் அப்படியில்லை. அது பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை; பள்ளிகளின் பரவலைப் பற்றியும் பேசுகிறது. நாட்டில் இருக்கும் பள்ளிகளில் சின்னப் பள்ளிகள் ஏராளம், ஆனால் நம் கூறில் பெரிய பள்ளிகளே நிறைந்திருக்கின்றன. பள்ளி மட்டத்தில் எடை 10க்கும் 100க்கும் இடையே கிடந்து ஆடுகிறது. பெரிய பள்ளியும் சின்னப் பள்ளியும், நாம் போட்ட மாறிகளுக்கு அப்பாலும், வாசிப்பில் வேறுபட்டால், எடையை விட்டுவிட்ட மாடல் பெரிய பள்ளிகளின் கதையை எல்லாப் பள்ளிகளின் கதையாகச் சொல்லிவிடும்.

ஆகவே பலமட்ட மாடலுக்கு ஒவ்வொரு மட்டத்துக்கும் தனித்தனி எடை வேண்டும். பிசா தரவில் இது கிடைக்கிறது: பள்ளிக்கு ஓர் எடை, பிள்ளைக்கு ஒரு மொத்த எடை. மொத்தத்தைப் பள்ளி எடையால் வகுத்தால் உள் எடை வரும். மொத்த எடையை அப்படியே பிள்ளை மட்டத்தில் போட்டு, பள்ளி எடையையும் மேலே போட்டால், பள்ளி வாய்ப்பை இரண்டு முறை கணக்கிட்டது போல ஆகிவிடும்.

கணக்கு நடக்கும் விதத்தையும் சொல்கிறேன். எடையில்லாத மாடலில், ஒரு பள்ளியின் தற்செயல் தள்ளல் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் லைக்லிஹூட்களை, அதாவது கண்ட விடை வருவதற்கு மாடல் தரும் நிகழ்தகவுகளைப் பெருக்குகிறோம். தள்ளல் எந்த மதிப்பாகவும் இருக்கலாம் என்பதால் அதன்மீது தொகையிடுகிறோம். பிறகு பள்ளிகளைப் பெருக்குகிறோம். எடை வரும்போது, பிள்ளையின் உள் எடை அவருடைய லைக்லிஹூட்டின் அடுக்காகத் தொகையீட்டுக்கு உள்ளே போகிறது. பள்ளியின் எடை தொகையிட்டு முடித்த பிறகு வெளியே வருகிறது. இதற்குப் போலி லைக்லிஹூட் முறை என்று பெயர். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பதாலேயே ஒரே எடையை வைத்து இதைச் செய்ய முடியாது.

உள் எடையின் அளவு

அடுத்தது, நான் பார்த்த வரையில் ஆய்வு மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம். ஒருமட்ட மாடலில் எல்லா எடைகளையும் பத்தால் பெருக்கினாலும் கெழுக்கள் (ஒவ்வொரு மாறியின் பாதிப்பைச் சொல்லும் எண்கள்) மாறாது. அந்தப் பழக்கத்தில் உள் எடைகளையும் அப்படியே, அளவு பாராமல், மென்பொருளுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு பள்ளியில் 20 பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் உள் எடை 10 என்று வையுங்கள். எடை அடுக்காகப் போவதால், அந்தப் பள்ளியிலிருந்து 200 பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்த்துவிட்டதாக மாடல் நம்புகிறது. எளிமைக்காகத் தொடர்ச்சியான மதிப்பெண்ணாக எடுத்து, பள்ளிக்குள் மாறுபாடு 1, பள்ளிகளுக்கு இடையே உண்மையான மாறுபாடு 0.05 என்று கொள்வோம். 20 பிள்ளைகளின் சராசரியில் வெறும் தற்செயலால் வரும் ஆட்டம் 1/20, அதாவது 0.05. ஆகவே பள்ளிச் சராசரிகள் 0.10 அளவுக்குச் சிதறிக் காணப்படும். நேர்மையான மாடல் அதில் 0.05ஐக் கழித்து 0.05 என்று சரியாகச் சொல்லும். 200 பேரைப் பார்த்ததாக நம்பும் மாடலோ தற்செயல் ஆட்டம் 1/200தான், 0.005தான் என்று கழிக்கும். அதன் விடை 0.095. பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு கிட்டத்தட்ட இரு மடங்காகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு “பள்ளிகளுக்கு இடையே பெரும் ஏற்றத்தாழ்வு” என்று ஒரு ஆய்வறிக்கை எழுதப்பட்டால், அந்த ஏற்றத்தாழ்வில் பாதி வெறும் எடையின் அளவிலிருந்து பிறந்தது.

இதற்கு மருந்து, உள் எடைகளைப் பள்ளிக்குள்ளேயே அளவு குறைப்பது. இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில், எடைகளின் கூட்டுத்தொகை அந்தப் பள்ளியின் உண்மையான கூறு எண்ணிக்கைக்குச் சமமாகும்படி குறைப்பது. இன்னொன்றில், செயல்படு கூறு அளவுக்குச் சமமாகும்படி குறைப்பது. நான்கு பிள்ளைகள், எடைகள் 10, 10, 20, 40 என்று எடுத்துக்கொண்டால், முதல் வழியில் அவை 0.5, 0.5, 1, 2 ஆகும், கூட்டினால் 4. இரண்டாம் வழியில், கூட்டுத்தொகை 80ஐ வர்க்கங்களின் கூட்டுத்தொகை 2,200ஆல் வகுத்து, அதனால் ஒவ்வொன்றையும் பெருக்க வேண்டும். 0.364, 0.364, 0.727, 1.455 வரும், கூட்டினால் 2.91. எடைகள் சமமில்லாததால் நான்கு பேர் ஏறத்தாழ மூன்று பேர் அளவுக்கே தகவல் தருகிறார்கள் என்பது இதன் பொருள். பள்ளிக்குள் எல்லோருக்கும் ஒரே எடை என்றால் இரண்டு வழியிலும் ஒவ்வொரு எடையும் 1 ஆகிவிடும். எதைத் தேர்ந்தாலும் வேறுபாடு இல்லை.

இன்னொரு வசதியும் இதில் கிடைக்கிறது. பள்ளிக்குள் அளவு குறைக்கும்போது பள்ளி எடை என்ற பொதுக் காரணி தானாகவே அடிபட்டுப் போகிறது. அதனால் பிசாவின் மொத்தப் பிள்ளை எடையை வகுக்காமலே நேராக அளவு குறைத்தாலும் அதே எண்கள்தான் வரும். கட்டுரையாளர்கள் செயல்படு அளவு வழியைப் பின்பற்றினார்கள்.

எந்த வழி சிறந்தது என்பதில் ஒரே பதில் இல்லை. பெஃபர்மன் குழுவினர் 1998இல் இதை விரிவாக எழுதியதிலிருந்து பலரும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கொத்துக்குள் (இங்கே பள்ளிக்குள்) ஆட்கள் போதுமான எண்ணிக்கையில் இருந்தால் தேர்வு அவ்வளவு முக்கியமில்லை. கொத்துக்கு நான்கைந்து பேர்தான் என்றால் இரண்டையும் ஓட்டி, இரண்டு முடிவையும் காட்டிவிடுவதே நேர்மை என்பது என் கருத்து.

வந்த விடைகள்

கெழுக்களும், அடைப்புக்குறிக்குள் திட்டப்பிழைகளும் (கெழு தற்செயலால் எவ்வளவு ஆடலாம் என்ற அளவு):

| மாறி | எடையின்றி | எடையோடு |
|---|---|---|
| பெண் பிள்ளை | 0.555 (0.103) | 0.622 (0.154) |
| பெற்றோர் தொழில்நிலை | 0.014 (0.003) | 0.018 (0.005) |
| பெற்றோர் கல்வி: உயர்நிலைப் பள்ளி | 0.400 (0.256) | 0.103 (0.477) |
| பெற்றோர் கல்வி: கல்லூரி | 0.721 (0.255) | 0.453 (0.505) |
| வீட்டில் ஆங்கிலம் | 0.695 (0.283) | 0.625 (0.382) |
| ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர் | −0.020 (0.224) | −0.109 (0.274) |
| இருவரும் வெளிநாட்டில் பிறந்தவர்கள் | 0.099 (0.236) | −0.280 (0.326) |
| பள்ளிகளுக்கு இடையே மாறுபாடு | 0.272 (0.086) | 0.296 (0.124) |

தொழில்நிலையின் பள்ளிச் சராசரிக்கான கெழு எடையின்றி 0.069, எடையோடு 0.068, அசையவே இல்லை. பள்ளிச் சராசரி பத்துப் புள்ளி கூடினால், நான்காம் நிலையைத் தொடுவதற்கான ஆட்ஸ் (தொடும் வாய்ப்புக்கும் தொடாத வாய்ப்புக்கும் உள்ள விகிதம்) ஏறக்குறைய இரு மடங்காகிறது. அதே பத்துப் புள்ளி பிள்ளையின் சொந்த வீட்டில் கூடினால் எடையோடு பார்த்தாலும் 1.2 மடங்குதான். பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, யாரோடு சேர்ந்து படிக்கிறது என்பதோடு வாசிப்பு இறுக்கமாகப் பின்னியிருக்கிறது. எடை போட்டாலும் போடாவிட்டாலும் நிலைத்து நிற்கும் முடிவு இது என்பதால், இந்த அட்டவணையில் இல்லாத இந்த எண்ணைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

பெண் பிள்ளைகளின் முன்னிலையும் நிற்கிறது: ஆட்ஸ் விகிதம் 1.74இலிருந்து 1.86க்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

இப்போது கல்லூரி வரிசையைப் பாருங்கள். எடையின்றி 0.721ஐ 0.255ஆல் வகுத்தால் 2.8. எந்த ஆய்விதழும், இது வெறும் தற்செயல் அல்ல என்ற நட்சத்திரக் குறி போட்டு ஏற்றுக்கொள்ளும். எடையோடு 0.453ஐ 0.505ஆல் வகுத்தால் 0.9, நட்சத்திரம் காணாமல் போகிறது. இதில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்திருக்கின்றன. கெழு சுருங்கியது ஒன்று. திட்டப்பிழை இரு மடங்கானது இன்னொன்று. இரண்டில் பெரிய பங்கு இரண்டாவதற்கே. கெழு 0.721 ஆகவே இருந்திருந்தாலும் 0.505ஆல் வகுத்தால் 1.4தான் வரும். வீட்டில் ஆங்கிலம் என்ற மாறியும் இப்படித்தான், கெழு கொஞ்சமே குறைந்தது, ஆனால் 2.5 என்றிருந்த விகிதம் 1.6க்கு இறங்கிவிட்டது.

திட்டப்பிழை ஏன் இப்படி வீங்குகிறது? எடைகள் ஏற்ற இறக்கமாக இருக்கும்போது, சில பள்ளிகள் நிறையப் பள்ளிகளுக்காகப் பேசுகின்றன. அந்தச் சில பள்ளிகளில் எதேச்சையாக நடப்பதெல்லாம் விடையைப் பிடித்து இழுக்கும். அந்த நிச்சயமின்மை எடையில்லாத கணக்கில் தெரியாது. மேலும், எடையோடு செய்யும்போது திட்டப்பிழை சாண்ட்விச் மதிப்பீட்டு முறையில் வருகிறது. மாடலின் அனுமானங்களை அப்படியே நம்பாமல், பள்ளிக்குப் பள்ளி உண்மையில் எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து கணக்கிடுவது அது. இதில் ஒரு நல்ல வசதி உண்டு. முதல் கட்டத்து நிலப்பகுதிகளை மாடலில் மூன்றாவது மட்டமாகச் சேர்க்காமலே, சாண்ட்விச்சின் கொத்தாக மட்டும் கொடுத்து, திட்டப்பிழையில் அவற்றுக்குரிய இடத்தைத் தரலாம்.

கடைசி மாறியில் குறியே மாறிவிட்டது, 0.099 என்பது −0.280 ஆனது. இரண்டுமே திட்டப்பிழைக்குள் அடங்குபவை என்பதால் இதிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் எடைக்கும் இந்த மாறிக்கும் ஏதோ உறவு இருக்கலாம் என்று காட்டுகிறது. சிறுபான்மையினர் அதிகமுள்ள பள்ளிகள் கூடுதலாக எடுக்கப்பட்ட தரவில் இது நடப்பது வியப்பில்லை. எடையுள்ள விடையும் இல்லாத விடையும் விலகும் இடத்தில், மாடலில் ஏதோ ஒரு மாறி விடுபட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

பள்ளிகளுக்கு இடையேயான மாறுபாட்டைப் பங்காகச் சொல்வதென்றால், லாஜிஸ்டிக் மாடலில் பிள்ளை மட்டத்து மாறுபாடு பை வர்க்கம் வகுத்தல் மூன்று, அதாவது 3.29. ஆகவே பள்ளியின் பங்கு எடையின்றி 7.6 விழுக்காடு, எடையோடு 8.3 விழுக்காடு. உள் எடைகள் ஒழுங்காக அளவு குறைக்கப்பட்டதால்தான் இந்த இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன.

மென்பொருளில் கவனிக்க வேண்டியவை

கட்டுரையாளர்கள் பயன்படுத்தியது, ஸ்டேட்டாவுக்குள் ஓடும்படி அவர்களே உருவாக்கிய கிளாம் என்ற நிரல். 2015இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து ஸ்டேட்டாவின் சொந்தப் பலமட்டக் கட்டளைகளே கணக்கெடுப்பு வடிவமைப்பை ஏற்றுக்கொள்கின்றன. வடிவமைப்பை அறிவிக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய எடையைத் தனியே சொல்லலாம். அப்படி அறிவித்துச் செய்யும்போது உள் எடையை அளவு குறைப்பது நம் பொறுப்பு. முன்கூட்டியே மூன்று வரி எழுதிச் செய்துகொள்ள வேண்டும். எம்பிளஸ் என்ற மென்பொருளும் மட்டத்துக்கு ஓர் எடை ஏற்கும். அதில் அளவு குறைக்கும் வழியைத் தேர்ந்தெடுக்க ஒரு விருப்பம் இருக்கிறது.

ஆர் மொழியில் ஒரு பள்ளம் உண்டு. எல்லோரும் பயன்படுத்தும் எல்எம்இ4 தொகுப்பில் எடைக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. கூறெடுப்பு எடையை அதில் கொடுத்தால் மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், விடையும் தரும். ஆனால் அந்த இடம் வேறு வகை எடைக்கானது. ஒரு அளவீடு எவ்வளவு துல்லியம், அதன் மாறுபாடு எவ்வளவு என்பதைச் சொல்லும் எடை அது. கூறெடுப்பு எடைக்கு உரிய சாண்ட்விச் திட்டப்பிழையும் அங்கே வராது, பள்ளி மட்டத்துக்குத் தனி எடையும் கொடுக்க முடியாது. இந்தத் தேவைக்கு அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட்ஸ் ஃபார் ரிசர்ச் உருவாக்கிய வீமிக்ஸ் தொகுப்பு இருக்கிறது. தாமஸ் லம்லியின் எஸ்விஒய்எல்எம்இ தொகுப்பும் உண்டு. அது இரண்டிரண்டு பேராக இணைத்துக் கணக்கிடும் வேறொரு வழியில் போகிறது.

இன்னொன்று, பிசா ஒரு பிள்ளைக்கு ஒரே மதிப்பெண் தருவதில்லை. 2000 சுற்றில் திறனின் ஐந்து சாத்திய மதிப்புகளைத் தந்தது. திட்டப்பிழைக்காக 80 மறுகூறு எடைகளையும் தந்தது. எல்லாவற்றையும் முறையாகப் பயன்படுத்தினால் ஐந்து மதிப்புக்கும் 80 எடைக்கும் சேர்த்து 400 முறையும், முழு எடையோடு ஐந்து முறையும் மாடலை ஓட்ட வேண்டும். சாதாரணத் தொடர்புப்போக்கில் அது சில நொடி. தொகையீட்டோடு வரும் பலமட்ட லாஜிஸ்டிக்கில் இரவு முழுக்க ஓடலாம். அதனால் பலரும் சாண்ட்விச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குறையில்லை, அதை அறிக்கையில் சொல்லிவிட்டால் போதும்.

நம் பக்கத்துத் தரவில்

இதைப் படிக்கும் பெரும்பாலோர் கையில் இருப்பது பிசா இல்லை, தேசிய குடும்ப நல ஆய்வுத் தரவாக இருக்கும். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 25,650 பெண்கள் பேட்டி காணப்பட்டார்கள். 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று அறிக்கை சொல்கிறது. இதில் ஊருக்கு ஊர் வேறுபாடு எவ்வளவு, வீட்டு நிலைமையால் வருவது எவ்வளவு என்று பலமட்ட மாடலில் பார்க்க ஆசைப்படுவது இயல்பு.

வடிவமைப்பும் பிசாவின் உடன்பிறப்புதான். மாவட்டத்துக்குள் ஊரகம், நகரம் எனப் படுகைகள் (தனித்தனியாகக் கூறெடுக்கும் பிரிவுகள்). கிராமங்களையும் நகர்ப்புறக் கணக்கெடுப்புத் தொகுதிகளையும் அளவின் விகிதத்தில் எடுப்பது. எடுத்த ஒவ்வொன்றிலும் 22 வீடுகள். மாவட்ட அளவிலேயே மதிப்பீடு தர வேண்டியிருப்பதால், சிறிய மாவட்டங்களுக்கும் அவற்றின் மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாகக் கொத்துகள் கிடைக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் சென்னையில் 46.5 லட்சம் பேர், பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர். ஒரு பெரம்பலூர்ப் பெண்ணும் ஒரு சென்னைப் பெண்ணும் ஒரே எடையோடு இருக்க முடியாது.

ஆனால் பொதுவில் கிடைக்கும் கோப்பில் பெண்ணுக்கு இருப்பது ஒரே ஓர் இறுதி எடை, பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டியது. ஊரின் எடை தனியாக இல்லை. இதற்காக, பல நாடுகளில் இத்தகைய குடும்ப நல ஆய்வுகளுக்கு உதவிய டிஎச்எஸ் திட்டம் 2020இல் ஒரு வழிமுறையை வெளியிட்டது. படுகையில் மொத்தம் எத்தனை கொத்துகள், எத்தனை எடுக்கப்பட்டன, கொத்துக்குச் சராசரி எத்தனை வீடுகள் என்ற விவரங்களிலிருந்து தொடங்கி, இறுதி எடையில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டு மட்டங்களுக்கும் பங்கிடுவது. எவ்வளவு பங்கு எங்கே என்பதை 0க்கும் 1க்கும் இடையிலான ஓர் எண்ணால் நாமே தீர்மானிக்கிறோம். 0 என்றால் முழுவதும் வீட்டு மட்டத்துக்கு, 1 என்றால் முழுவதும் ஊர் மட்டத்துக்கு. 0, 0.5, 1 என்று மூன்று முறை ஓட்டி, முடிவு எவ்வளவு அசைகிறது என்று பார்க்க வேண்டும்.

நல்ல வழிதான், ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னே பார்த்த 700, 70 பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அளவின் விகிதத்தில் எடுத்து, உள்ளே ஒரே எண்ணிக்கை எடுத்தால் மொத்த எடை எல்லோருக்கும் ஒன்றாகிவிடுகிறது. பெரிய கிராமம், சின்னக் கிராமம் என்ற வேறுபாடு இறுதி எடையில் அழிந்து போயிருக்கிறது. பங்கிடுவதற்கு அங்கே ஏற்ற இறக்கமே இல்லை. அந்த எண்ணை 0 வைத்தாலும் 1 வைத்தாலும் படுகைக்குள் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒரே எடைதான் வரும். அழிந்ததைத் திரும்பப் பெற ஊரின் அளவு தெரிய வேண்டும். ஊர் எது என்பதோ வெளியிடப்படுவதில்லை. பேட்டி கொடுத்தவர்களின் மறைவைக் காக்கவே கொத்துகளின் இருப்பிடப் புள்ளிகள் நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையும், ஊரகத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரையும் நகர்த்தி வைக்கப்படுகின்றன. அந்தக் காரணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தன் இரத்தத்தைப் பரிசோதிக்கக் கை நீட்டிய பெண்ணுக்கு நாம் கொடுத்த வாக்கு அது.

எனவே இந்தத் தரவில் வேலை செய்பவர்களிடம் நான் கேட்பது, எடையை மட்டும் நம்பியிராமல், கூறெடுப்பைத் தீர்மானித்த மாறிகளை மாடலுக்குள்ளேயே கொண்டுவரும்படி. மாவட்டம், ஊரகமா நகரமா, இவை கோப்பில் இருக்கின்றன. ஊரகத்தில் கிராமங்களைப் பிரித்து வரிசைப்படுத்தப் பயன்பட்டவற்றில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் பங்கும் பெண் எழுத்தறிவும் உண்டு. பேட்டி கண்டவர்களின் விடைகளிலிருந்தே கொத்துச் சராசரியாக இவற்றை ஓரளவு உருவாக்க முடியும். அவை உள்ளே வந்தபின் எடையுள்ள விடையும் எடையில்லாத விடையும் நெருங்கி வருகின்றனவா என்று பாருங்கள். நெருங்காத கெழுவுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடும் முன், இன்னும் எந்த மாறி வெளியே நிற்கிறது என்று அந்த மாவட்டத்தைத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.